சிறு கணினியும் கம்பியில்லா ஒலிபெருக்கியும்

மலையகத் தோட்டங்களின் வரலாற்றில் செவிக்குரிய இடம் பெரிது. கடிகாரம் லயங்களுட் புகுவதற்கு முன்னரே, விடியற்காலையில் முழங்கிய பெரட்டுத் தப்பு தொழிலாளரைத் துயிலெழுப்பிப் பெரட்டுக் களத்திற்கு அழைத்தது. எழுத்தறிவு அரிதாயிருந்த காலத்திலே, கோ. நடேசய்யரும் அவர்தம் துணைவியார் மீனாட்சி அம்மையும் தொழிலாளர் உரிமை பற்றிய கருத்துக்களைப் பாட்டாக்கிப் பாடியே மக்களிடம் கொண்டு சென்றனர். 1989 ஆம் ஆண்டில் தொடங்கிய கொத்மலைச் சமூக வானொலி, 1990 களின் இறுதியில் யுனெஸ்கோவின் துணையோடு, நேயர் விடுக்கும் வினாக்களுக்கு இணையத்தில் விடை தேடி வானலையிற் கூறும் புதுமுறையைக் கையாண்டது. அச்சும் ஏடும் எட்டாத இடத்தை ஒலி எட்டும் என்பதற்கு இவை சான்றுகளாம்.

இன்று அவ்வொலியைப் பரப்புதற்குரிய கருவிகள் கையளவிற்குச் சுருங்கிவிட்டன. உள்ளங்கையில் அடங்கும் ஒரு கணினியும், தண்ணீர்ப் போத்தல் அளவினதான ஓர் ஒலிபெருக்கியும் இருப்பின், தோட்டப் பாடசாலையொன்றின் வகுப்பறையில் ஆங்கிலத்தையும் சிங்களத்தையும் உரிய உச்சரிப்போடு கேட்பிக்கலாம். பார்வை குறைந்த பிள்ளைக்குப் பாடநூலை ஒலியாக வழங்கலாம். கோயிலிலே காலை வேளையில் திருமுறை ஒலிக்கச் செய்யலாம். ஆயினும், இவ்விரண்டையும் வாங்கியோர் எதிர்ப்படும் இடர் ஒன்றுண்டு. முதல்நாள் இனிது ஒலித்த கருவி, மின்சாரம் போய் மீண்டபின் ஊமையாகிவிடுகின்றது. அதனை மீண்டும் பேசச் செய்ய அறிந்தவர் ஓர் ஆசிரியரே. அவரும் இடமாற்றம் பெற்றுச் செல்வாராயின், கருவி அலுமாரியுட் புகுகின்றது. ஆதலின், ஒலிபெருக்கி தானாகவே கணினியோடு சேருமாறு செய்தல் எங்ஙனம் என்பதும், அத்தானியக்கம் எதுவரை செல்லலாம் என்பதும் ஈண்டு ஆராயத்தக்கன.

கருவிகளின் இயல்பு

இங்குக் கருதப்படும் சிறு கணினிகளுட் பெயர்பெற்றது ராஸ்பெரி பை என்பது. மாணவர் குறைந்த செலவிற் கணினியியல் பயிலவேண்டும் என்னும் நோக்கோடு இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரில் உருவாக்கப்பட்டு, 2012 பெப்புருவரியில் இது விற்பனைக்கு வந்தது. இதனை இயக்குவது பெரும்பாலும் லினக்ஸ் என்னும் கட்டற்ற இயக்குதளமாகும். 2016 இல் வெளிவந்த மூன்றாம் வகையிலிருந்து புளூடூத் வானொலிப் பகுதி இதன் பலகையிலேயே அமைந்துள்ளது. மறுபுறத்தே, 2023 இல் வெளிவந்த ஐந்தாம் வகையிலும், சீரோ எனப்படும் சிறு வகையிலும், காதொலிக் கம்பி செருகும் துளை இல்லை. எனவே, கம்பியில்லா ஒலிபெருக்கியை நாடுதல் இயல்பாகின்றது. அவ்வொலிபெருக்கிகள் தம்முள்ளே மின்கலம் உடையன என்பதும் மலையகத்தார்க்கு ஒரு நன்மையே.

புளூடூத் என்னும் முறை 1994 அளவில் சுவீடன் நாட்டு எரிக்சன் நிறுவனத்தில் தோன்றியது. 1998 இல் எரிக்சன், ஐ.பி.எம்., இன்ரெல், நோக்கியா, தொசிபா என்னும் ஐந்து நிறுவனங்கள் கூடி அதற்கெனச் சங்கம் ஒன்றை அமைத்தன. பத்தாம் நூற்றாண்டில் டென்மார்க்கை ஆண்ட அரல்டு என்பானின் பட்டப்பெயர் 'நீலப்பல்' எனப் பொருள்படும். சிதறிய மக்களை அவன் ஒன்றுசேர்த்தான் எனப்படுதலின், சிதறிய கருவிகளை ஒன்றுசேர்க்கும் முறைக்கும் அப்பெயர் வந்தது.

இம்முறை 2.4 கிகாகேட்சு அலைவரிசையிற் செயற்படுவது. அவ்வரிசையை 79 சிறு தடங்களாகப் பகுத்து, விநாடிக்கு 1600 முறை தடம்விட்டுத் தடம் தாவிக்கொண்டே இரு கருவிகளும் உரையாடுகின்றன. எத்தடத்திற்கு எப்பொழுது தாவுவது என்பதை இரண்டும் ஒத்து அறிந்திருத்தலால், ஒரு தடத்தில் இரைச்சல் இருப்பினும் உரையாடல் அறுவதில்லை. பொதுவாக இதன் எட்டுதூரம் 10 மீற்றர் அளவினது. நுவரெலியாவின் மூடுபனி கண்ணை மறைப்பினும் இவ்வலையை மறைப்பதில்லை. ஆனால், நீர் நிறைந்த மனித உடல் இதனை ஓரளவு விழுங்கும். பிள்ளைகள் நெருங்கியிருக்கும் வகுப்பறையில் ஒலிபெருக்கியை மேசைக்கடியில் வையாது உயர்ந்த இடத்தில் வைத்தல் வேண்டும் என்பது இதனாற் பெறப்படும்.

இணைப்பின் நான்கு படிகள்

'ஒலிபெருக்கியை இணைத்தல்' எனப் பொதுவாகக் கூறப்படும் செயல் உண்மையில் நான்கு செயல்களைக் கொண்டது. இவற்றை வேறுபடுத்தி அறியாமையே இடர்ப்பாடுகள் பலவற்றிற்கும் காரணம். லினக்ஸில் புளூடூத்தை நடத்தும் மென்பொருள் புளூஸீ எனப்படும். இது 2001 இல் லினக்ஸ் கருவகத்திற் சேர்க்கப்பட்டது. அதன் கட்டளைக் கருவி இந்நான்கு செயல்களுக்கும் நான்கு தனிக் கட்டளைகளை வைத்துள்ளது. அவை தேடு, இணை, நம்பு, தொடர்புகொள் என்னும் பொருளுடையன.

முதலாவது, தேடல். அண்மையில் உள்ள கருவிகள் யாவை எனக் கணினி வினவ, 'யான் இங்குளேன்' எனத் தம்மைக் காட்டும் நிலையிலுள்ளவை தம் முகவரியையும் பெயரையும் கூறும். முகவரி என்பது 48 பிற்று நீளமுடைய எண். ஒவ்வொரு கருவிக்கும் தனித்தனியாக வழங்கப்படுவது. பெயரோ உற்பத்தியாளர் இட்டது. ஹற்றன் நகரக் கடையொன்றில் ஒரே வகை ஒலிபெருக்கியை வாங்கிய இரு குடும்பத்தாரின் கருவிகள் ஒரே பெயரைக் கூறும், முகவரிகளோ வேறாயிருக்கும். எனவே, பெயரை நம்பாது முகவரியையே கொள்ளவேண்டும்.

இரண்டாவது, இணைத்தல். இதுவே அறிமுகம். இரு கருவிகளும் கூடி ஓர் இரகசியத் திறவுகோலை உண்டாக்கி, இரண்டும் அதனைத் தத்தம் நினைவிற் பதித்துக்கொள்கின்றன. பழைய கருவிகளில் நான்கு சுழியங்கள் போன்ற எளிய எண்ணொன்று கேட்கப்பட்டது. 2007 இல் வந்த 2.1 ஆம் பதிப்பு முதலாக, திரையும் விசைப்பலகையும் இல்லாத ஒலிபெருக்கி போன்றவற்றோடு எண் எதுவும் கேளாதே இணைதல் இயலும். எளிமை மிக்கதாயினும், எதிரே இருப்பது கருதிய கருவிதானா எனச் சோதிக்கும் வழி இம்முறையில் இல்லை என்பது கருத்திற் கொள்ளத்தக்கது.

மூன்றாவது, நம்பல். இணைத்த கருவி பின்னொருநாள் வந்து கதவைத் தட்டுங்கால், ஒவ்வொரு முறையும் மனிதரைக் கேளாது திறந்துவிடலாம் எனக் கணினிக்கு வழங்கும் நிலையான அனுமதி இது. நான்காவது, தொடர்புகொள்ளல், அஃதாவது, ஒலி செல்லும் வழியை அப்பொழுதைக்குத் திறத்தல். முதல் மூன்றும் ஒருமுறை செய்தற்குரியன. நான்காவதோ நாள்தோறும் செய்தற்குரியது.

திருக்குறளைப் பயின்றோர்க்கு இவ்வேறுபாடு புதிதன்று. வள்ளுவர் தெரிந்துதெளிதலை 51 ஆம் அதிகாரமாகவும், தெரிந்துவினையாடலை 52 ஆம் அதிகாரமாகவும் தனித்தனியே வைத்தார். ஒருவனை ஆராய்ந்து நம்புதல் வேறு. நம்பியவனைச் செயலில் ஈடுபடுத்துதல் வேறு. அரசனுக்குக் கூறிய அம்முறை இச்சிறு கருவிக்கும் பொருந்துவதாயிற்று.

தொடர்பு அறுவதற்குரிய காரணங்கள்

இணைத்தலும் நம்பலும் முறைப்படி செய்யப்பட்டபின்பும் கருவி ஊமையாவது ஏன்? காரணங்கள் பல.

தொடர்பு திடீரென அறுமிடத்து, புளூஸீ தானே மீண்டும் முயலும் இயல்புடையது. அதன் வழக்கமான அமைப்பில் 1, 2, 4, 8, 16, 32, 64 விநாடி இடைவெளிகளில் ஏழுமுறை முயலும். இவற்றின் கூட்டுத்தொகை 127 விநாடி. அஃதாவது, இரண்டு நிமிடத்திற்குச் சற்று மேல். ஒருவர் ஒலிபெருக்கியை அடுத்த அறைக்கு எடுத்துச் சென்று உடனே மீளுவாராயின் இது போதும். ஆனால், மலையகத்தின் மின்தடை இரண்டு நிமிடத்தோடு நிற்பதன்று. தென்மேற்குப் பருவக்காற்றின் காலத்தே மரம் முறிந்து கம்பியில் வீழ்ந்தால் மின்சாரம் மீள நெடுநேரம் செல்லும். 2022 மார்ச்சு மாத இறுதியில் நாடெங்கும் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு நிலவியதும், 2025 பெப்புருவரி 9 ஆம் நாள் நாடு முழுவதும் ஒருங்கே மின்சாரம் இழந்ததும் யாவரும் அறிந்தவை. அன்றியும், மின்சாரம் போகுங்கால் கணினியும் அணைந்துவிடுதலின், ஏழு முயற்சிக்கே இடமில்லை. மீண்டும் விழித்தெழும் கணினிக்குத் திறவுகோல் நினைவிருக்கும். ஆயினும், அழைக்க வேண்டும் என்னும் எண்ணம் இராது.

ஒலிபெருக்கியின் பக்கத்திலும் காரணங்கள் உள. பல ஒலிபெருக்கிகள் இயக்கப்பட்டவுடன் தாம் இறுதியாகப் பழகிய கருவியை அழைக்கும். நேற்று மாலை ஆசிரியர் ஒருவர் தம் கைத்தொலைபேசியிலிருந்து பாட்டுக் கேட்டிருப்பின், இன்று காலை ஒலிபெருக்கி அத்தொலைபேசியையே நாடும். எளிய ஒலிபெருக்கி ஒருபொழுதில் ஒருவரோடு மட்டுமே பேசுவதாதலின், கணினி வெளியே நின்றுவிடுகின்றது. மேலும், சிறிதுநேரம் ஒலி வாராவிடின் மின்கலத்தைக் காக்கும்பொருட்டுத் தானே அணைந்துவிடும் ஒலிபெருக்கிகளும் உண்டு. அணைந்ததை எழுப்பக் கணினியாலாகாது. ஒரு விரலே வேண்டும்.

மூன்றாவது காரணம் பலரையும் மயக்குவது. தொடர்பு உண்டாயிற்று எனக் கணினி கூறும், ஒலியோ வாராது, அல்லது, உரிய பணி இல்லை எனக் கூறித் தொடர்பே மறுக்கப்படும். இதன் காரணம் யாதெனின், புளூஸீ வழியைத் திறப்பதன்றி ஒலியைத் தானே அனுப்புவதன்று. ஒலியைப் பகுத்துக் கட்டி அனுப்புவது பைப்வயர், பல்ஸ் ஓடியோ போன்ற வேறொரு மென்பொருள். அது வழக்கமாகப் பயனர் ஒருவர் உள்நுழைந்த பின்னரே விழித்தெழும். திரையும் விசைப்பலகையும் இன்றி அலுமாரி மேல் வைக்கப்பட்ட கணினியில் எவரும் உள்நுழைவதில்லை. ஆதலின், ஒலிப் பணியாளன் உறங்கியே கிடப்பான்.

தானியக்கம் அமைக்கும் முறை

காரணம் தெரிந்தபின் மருந்து எளிது. முதற்கண், கணினி தொடங்கும்பொழுதே புளூடூத் பகுதிக்கு மின்னூட்டப்படுமாறு புளூஸீயின் அமைப்புக் கோப்பிற் குறித்தல் வேண்டும். அண்மைக்காலப் பதிப்புகளில் இஃது இயல்பாகவே உள்ளது. அடுத்து, எவரும் உள்நுழையாவிடினும் குறித்த ஒரு பயனரின் பணிகள் தொடக்கத்திலிருந்தே நடக்குமாறு இயக்குதளத்தில் அனுமதி வழங்குதல் வேண்டும். பைப்வயரைக் கையாளும் அமைப்புகளில், பயனர் திரைமுன் இருந்தால்தான் புளூடூத் என்னும் கட்டுப்பாட்டையும் நீக்கவேண்டியிருக்கும்.

மூன்றாவதாக, சிறு செய்நிரல் ஒன்று எழுதப்படவேண்டும். அதன் வேலை எளியது: ஒலிபெருக்கியின் முகவரியைச் சொல்லி, தொடர்பு உண்டா என வினவுதல், உண்டாயின் வாளாவிருத்தல், இன்றேல் தொடர்புகொள்ளுமாறு கட்டளையிடுதல், பின்னர்ச் சிறிது பொறுத்து மீண்டும் வினவுதல். பொறுக்கும் காலம் 30 விநாடி எனக் கொள்ளலாம். இடைவிடாது அழைத்தல் நன்றன்று. ராஸ்பெரி பையில் வைபையும் புளூடூத்தும் ஒரே சில்லில் அமைந்து ஒரே அலைவரிசையைப் பகிர்தலின், ஒன்றின் ஓயாத கூவல் மற்றொன்றின் வேலைக்கு இடையூறாகும்.

இச்செய்நிரலை மனிதர் தொடக்கிவைத்தல் ஆகாது. 2010 இல் தோன்றி இன்று பெரும்பாலான லினக்ஸ் வழங்கல்களில் இடம்பெறும் சிஸ்டம்டி என்னும் மேற்பார்வையாளனிடம் இதனை ஒரு பணியாக ஒப்படைத்தல் வேண்டும். புளூடூத் பணி எழுந்தபின் இதனைத் தொடக்குக. இது தவறி வீழ்ந்தால் மீண்டும் தொடக்குக என்னும் இரு குறிப்புகள் போதும். தோட்டத்து வழக்கில் கூறின், மேற்பார்வையாளன் கங்காணி போன்றவன். பணிக்கு வந்தோர் யார், வாராதோர் யார் எனப் பெயரிட்டு அறிந்து, வாராதோரை அழைப்பிப்பவன்.

மின்சாரம் திடீரெனப் போகுமிடங்களில் கணினியின் நினைவட்டை பழுதாதலும் உண்டு. அதனைத் தவிர்க்க அட்டையை எழுதவியலாத நிலையிற் பூட்டிவைப்பர். அங்ஙனம் பூட்டியபின் செய்யும் இணைப்பு அட்டையிற் பதியாது. கணினி அணைந்தவுடன் மறைந்துபோம். ஆதலின், முதலில் இணைத்து, நம்பி, சோதித்து, அதன்பின்னரே பூட்டுதல் முறை.

தானியக்கத்தின் எல்லை

இவ்வளவும் செய்தோர்க்கு மேலும் ஒரு படி செல்லும் ஆசை எழுதல் இயல்பு. நாள்தோறும் தொடர்புகொள்ளும் இயந்திரம், இணைத்தலையும் தானே செய்தால் என்ன? அண்மையில் எந்த ஒலிபெருக்கி இருப்பினும் அதனைத் தேடி இணைத்து நம்பிவிடுமாறு செய்நிரல் எழுதுதல் கடினமன்று. இதற்கு மறுதலையாக, எவர் தொலைபேசி கேட்பினும் கணினி உடனே இசையுமாறு செய்தலும் கூடும். எளிமை கருதிப் பலர் இவ்வாறே செய்கின்றனர். இஃது ஏற்புடையதன்று.

மலையகத்தின் குடியிருப்பு அமைப்பை நோக்கின் இதன் காரணம் விளங்கும். பழைய லயத்தின் காம்பிராக்கள் 10 அடிக்கு 12 அடி என்னும் அளவிலே சுவரோடு சுவர் ஒட்டியவை; முதுகோடு முதுகு சேர்ந்த இரட்டை லயங்களும் உள. புளூடூத்தின் 10 மீற்றர் ஏறத்தாழ 33 அடி. இடைச்சுவர்கள் ஓரளவு குறைப்பினும், ஒரு காம்பிராவில் உள்ள கணினியின் குரல் இருபுறமும் இரண்டு மூன்று குடும்பங்களையும், பின்புறத்துக் குடும்பங்களையும் எட்டுதல் கூடும். தனி வீடுகள் தோட்டத்தோடு அமைந்த நாடுகளில் எழுதப்பட்ட வழிகாட்டிகள் இதனை எண்ணிப் பார்ப்பதில்லை. இங்கே அண்மையிலுள்ள ஒலிபெருக்கி என்பது அயலார் ஒலிபெருக்கியாகவும் இருக்கலாம். நோயுற்றவர் உறங்கும் அறையில் வேண்டாத பாடம் ஒலித்தல் நகைப்பிற்குரியதன்று. அவ்வாறே, வாயில் திறந்த கணினியில் எவரும் புகலாம். கோயிலில் திருமுறை ஒலிக்கும் வேளையில் அருகில் நிற்பவரின் திரைப்பாடலும், வகுப்பில் கேட்டற் பயிற்சி நடக்கும்பொழுது வேறொருவர் குரலும் இடையே நுழைதல் கூடும்.

மேற்கூறிய பிழைகளுள் ஒன்று இவ்வெல்லையை நன்கு காட்டும். ஒலிபெருக்கியின் நினைவு அழிக்கப்பட்டால், கணினி வைத்திருக்கும் திறவுகோல் பொருந்தாது; தொடர்பு மறுக்கப்படும். அப்பொழுது செய்நிரல் பழைய அறிமுகத்தை அழித்துப் புதிதாக இணையுமாயின், அவ்விடத்தில் ஆராய்ந்து தெளிந்தவர் எவருமில்லை. முகவரியும் பொய்யாகக் கூறப்படக்கூடியதே. திறவுகோல் ஒன்றே உண்மையான சான்று. சான்று பொருந்தாதபொழுது நிற்பதே தக்கது. நின்று, ஒரு சிறு விளக்கை எரியவிட்டோ, குறிப்பேட்டில் ஒரு வரி எழுதியோ, மனிதரை அழைத்தல் வேண்டும். புளூஸீயை ஆக்கியோரும் இதனை ஓரளவு எண்ணியே, கணினி தன்னைப் பிறர்க்குக் காட்டும் காலத்தை வழக்கமாக 180 விநாடிக்கு வரையறுத்தனர். அவ்வரையறையை நீக்குமாறு கூறும் அறிவுரைகள் எளிதிற் கிடைக்கும். அவற்றைப் பின்பற்றாதிருத்தல் நன்று.

எனவே, கொள்ளத்தக்க விதி இது: அறிமுகம் மனிதர் செய்யவேண்டியது, அழைப்பு இயந்திரம் செய்யவேண்டியது. முன்னது ஆண்டிற்கு ஒருமுறையோ இருமுறையோ நிகழ்வது. அதனைத் தானியக்கமாக்குவதால் மிஞ்சுவது சில நிமிடமே. பின்னது நாள்தோறும் நிகழ்வது. அதனைத் தானியக்கமாக்குவதாற் காக்கப்படுவது ஒரு பாடவேளை முழுவதும்.

செய்யத்தக்கன

செய்நிரல் எத்துணைச் செம்மையாயினும், அதனை அறிந்தவர் ஒருவரே ஆயின் அது நிலையாது. தோட்டப் பாடசாலைகளில் ஆசிரியர் மாறுவது இயல்பு. ஆதலின், கருவியோடு ஒரு தாளும் இருத்தல் வேண்டும். ஒலிபெருக்கியின் முகவரி, அதனை இணைத்த நாள், இணைத்தவர் வகிக்கும் பதவி, மீண்டும் இணைக்கும் நான்கு படிகள், ஒலி வாராவிடின் பார்க்கவேண்டிய மூன்று இடங்கள் ஆகியவை அதிலே தெளிந்த தமிழில் எழுதப்பட வேண்டும். கட்டளைச் சொற்கள் ஆங்கிலமாயினும் அவற்றின் பொருளைத் தமிழிற் கூறுதற்குத் தடையில்லை. உயர்வகுப்பு மாணவர் இருவரேனும் அப்படிகளைத் தம் கையாற் செய்து பழகியிருப்பின், ஆசிரியர் சென்றபின்பும் கருவி பேசும்.

ஒரு காலத்தில் மலையகத்தின் ஒலி பிறர் கட்டளையால் முழங்கியது. கேட்போரின் இசைவை எவரும் வினவவில்லை. இன்று சிறு பாடசாலையொன்றும் தன் ஒலியைத் தானே ஆளக்கூடிய நிலை வந்துள்ளது. எதனோடு இணைவது, எவரை நம்புவது என்பவற்றை அங்குள்ளோரே தெரிந்து தெளியவேண்டும். அதன்பின் மின்சாரம் எத்தனை முறை போயினும், விடிந்ததும் ஒலிபெருக்கியை அழைக்கும் வேலையை இயந்திரத்திடம் ஒப்படைத்துவிட்டு, ஆசிரியர் பாடத்தைத் தொடங்கலாம்.